கன்னிமாராவா, கோட்டூர்புரமா: சென்னைக்குப் புதிதாக வந்தவர் முதலில் எந்த நூலகத்துக்குப் போகலாம்?

வேலைக்கோ படிப்புக்கோ சென்னைக்கு வந்து, மேன்ஷனிலோ ஹாஸ்டலிலோ நாலு பேரோடு ஒரே அறையில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பெரும்பாடு. அறையில் வெக்கை தாங்காது. மெரினா மணலில் அந்த நேரத்தில் கால் வைக்க முடியாது. மாலில் சும்மா எவ்வளவு நேரம்தான் சுற்றுவது? காசு கேட்காமல், பகல் முழுக்க உட்காரவிடும் இடம் வேண்டும் என்றால் இரண்டு பெரிய நூலகங்கள் இருக்கின்றன. ஒன்று எழும்பூர் கன்னிமாரா, இன்னொன்று கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். ஊரில் பலகாலம் இருப்பவர்களில்கூடப் பலர் இரண்டையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

போவது இரண்டுக்குமே சுலபம். கன்னிமாராவுக்கு எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். அண்ணா நூலகம் காந்தி மண்டபம் சாலையில், அண்ணா பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது. பறக்கும் ரயிலில் வந்தால் கோட்டூர்புரத்தில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும்.

புதியவரின் முதல் தயக்கம் வேறு: நம்மை உள்ளே விடுவார்களா, என்ன கேட்பார்கள், எங்கே உட்காருவது? இந்த விஷயத்தில் கோட்டூர்புரம்தான் முந்துகிறது. 2010 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில் திறந்த கட்டடம். 8 ஏக்கர் வளாகம், 9 தளங்கள், 12 லட்சம் நூல்கள் வைக்கும் அளவுக்கு இடம். அளவைப் பார்த்து மிரள வேண்டாம். எதற்கு எந்தத் தளம் என்பது தெளிவாகப் பிரித்திருக்கிறது. குழந்தைகளுக்கு முதல் தளம், தமிழ் நூல்களுக்கு இரண்டாவது தளம், பார்வையற்றோருக்குத் தனி பிரெய்ல் பிரிவு.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிக் கூடம் ஒதுக்கியிருப்பது. ஒரு நூலகம் தன் புத்தகத்தைத் தொடாதவருக்கும் நாற்காலி போடுகிறது என்றால் அது பெரிய மனசு. குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஸ்பைரல் போட்ட நோட்ஸ், பள்ளிப் பாடநூல்கள், தண்ணீர் பாட்டில் சகிதம் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். அறையில் மேசை இல்லாதவருக்கு இந்த மேசை எவ்வளவு பெரிய உதவி என்பது அப்படிப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். குழந்தைகள் தளத்தின் செயற்கை மரமும் அதைச் சுற்றி உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய காட்சி.

2011 நவம்பரில் இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் நூலகம் நூலகமாகவே நின்றது. மருத்துவமனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் நூலகத்தையா எடுப்பார்கள் என்று அன்று பலரும் கொதித்தது முழுக்க நியாயம்.

சரி, கன்னிமாராவுக்கு வருவோம். 1890இல் அடிக்கல் நாட்டி 1896இல் திறந்த நூலகம். ஹென்றி இர்வின் வடிவமைத்த பழைய கட்டடத்தின் வண்ணக் கண்ணாடிகளும் தேக்கு அலமாரிகளும் பேர்போனவை. ஆனால் வாசகர் நடமாட்டமெல்லாம் பெரும்பாலும் பக்கத்துப் புதிய கட்டடத்தில்தான். அழகை மட்டும் நினைத்துப் போகிறவர் கொஞ்சம் ஏமாறலாம். அருங்காட்சியக வளாகத்துக்குள் இருப்பதால் இதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமோ என்ற குழப்பம் வரும். வேண்டாம்.

கன்னிமாராவின் பலம் அதன் இருப்பில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் இது ஒன்று. மற்றவை கொல்கத்தா, மும்பை, டெல்லியில். கடையில் கிடைக்காமல் போன பழைய தமிழ்ப் புத்தகத்தைத் தேடுகிறீர்களா, முதலில் இங்கே கேளுங்கள். உறுப்பினரானால் வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். இரவல் புத்தகத்தைத் திறந்ததும் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள்: ஊதா மையில் கோணல்மாணலாக முத்திரைகள், நமக்கு முன்னால் இதைப் படித்தவர்களின் வரிசை. அண்ணாவும் இளமையில் இங்கே விழுந்து விழுந்து படித்தவர் என்பார்கள்.

ஆய்வுக்காகத் தேடுகிறவர்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. அது தனிக் கதை, பொழுதைக் கழிக்கப் போகிற இடம் இல்லை.

என்னைக் கேட்டால், ஊருக்கு வந்த முதல் வாரமே கோட்டூர்புரம் போய்விடுங்கள். கையில் ஒரு புத்தகம் இருந்தால் போதும், யாரையும் எதுவும் கேட்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம். பெரிய பையைத் தவிர்த்தால் வாசலில் வேலை மிச்சம். கொஞ்ச நாளில் முகவரிச் சான்று கைக்கு வந்ததும் எழும்பூர் போய் உறுப்பினர் படிவம் வாங்குங்கள். ஊரிலிருந்து வீட்டார் வந்தால் அவர்களையும் கன்னிமாராவுக்கே கூட்டிப்போங்கள். அதே வளாகத்தில் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளையும் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.