புற்றுநோய் பரவல்: கொழுப்பு வரத்தைத் தடுப்பதா, உற்பத்தியை நிறுத்துவதா?

இடம்பெயரும் புற்றணுவுக்கு எரிசக்தியும் புதுச் சவ்வும் வேண்டும். இரண்டுக்கும் கொழுப்பு உதவுகிறது. எந்த வழியை மறிப்பது?

வேலை
சிடி36: வெளியிலுள்ள கொழுப்பமிலத்தை உள்ளே இழுக்கும் புரதம்.
ஃபாஸ்ன்: செல்லுக்குள்ளேயே அதைத் தயாரிக்கும் நொதி.

சான்று
சிடி36: 2017இல் வெளியான பார்சிலோனா ஆய்வில், சிடி36-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் புரதம்) கொடுத்ததும் எலிகளில் வாய்ப்புற்று பரவுவது வெகுவாகத் தடைபட்டது. பாமாயிலில் மிகுந்துள்ள பால்மிட்டிக் அமிலமோ பரவலைக் கூட்டியது. உணவையும் பரவலையும் நேரடியாக இணைத்த இந்த முடிவு என்னை மிகவும் யோசிக்கவைக்கிறது.
ஃபாஸ்ன்: மூளையில் கொழுப்பு எளிதில் கிடைக்காததால், எலிகளில் அங்கே வளர்ந்த ஹெர்2 வகை (ஹெர்2 என்ற புரதம் மிகுந்த) மார்பகப் புற்று இதையே நம்பியிருந்தது.

மருந்து
ஃபாஸ்ன் முந்துகிறது, அதைத் தடுக்கும் டெனிஃபான்ஸ்டாட் என்ற மருந்து மனிதர்களிடமும் சோதிக்கப்பட்டுள்ளது.

கொழுப்பு தாராளமாகக் கிடைக்கும் இடங்களில் சிடி36 தடுப்பும், மூளைப் பரவலில் ஃபாஸ்ன் தடுப்பும் பொருந்தும். ஒன்றை அடைத்தால் புற்றணு மற்றதற்குத் தாவக்கூடும் என்பதால், இரண்டையும் சேர்த்துச் சோதிப்பதே அவசரத் தேவை.