கென்டேயா, அங்காராவா?

ஆப்பிரிக்க உடை என்றதும் பலர் மனதில் வருவது பளிச்சென்ற அங்காரா, அதாவது வேக்ஸ் பிரிண்ட் எனும் அச்சுத் துணி. அதன் பூர்வீகமோ ஜாவாவின் பாத்திக், மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி. அதைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் அச்சடித்த சரக்கு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையைப் பிடித்தது.

கென்டே அப்படியல்ல, அது கையால் நெய்யும் துணி. கானாவின் பொன்வீரே ஊரில் நெசவாளர் கால்விரல் இடுக்கில் கயிற்றைப் பிடித்து இழைகளை ஏற்றி இறக்குகிறார். வருவது சுமார் 4 அங்குல அகலப் பட்டைதான். பல பட்டைகளைச் சேர்த்துத் தைத்தால்தான் ஒரு உடுப்பு. விலை எகிறாமல் என்ன செய்யும்? கானாவின் முதல் அதிபர் குவாமே என்க்ருமா உலக மேடைகளில் அணிந்தது இதைத்தான். 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியது.

அப்போ அங்காரா போலியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிசைன்களுக்குப் பெயர் சூட்டி விற்றவர்கள் சந்தைப் பெண்கள். டோகோவின் தலைநகர் லோமேயில் அதில் சம்பாதித்து பென்ஸ் கார் வாங்கியவர்களுக்கு 'நானா பென்ஸ்' என்றே பெயர். (நைஜீரியாவின் கலபாரி மக்கள் நம் மெட்ராஸ் கட்டத்துணியில் நூலை அறுத்து உருவி, தங்கள் டிசைனாகவே மாற்றிவிட்டார்கள்!)

தினசரிக்கு அங்காரா, விசேஷத்துக்கு கென்டே. வாங்கும்போது பட்டைகளை இணைத்த தையலைத் தேடுங்கள். இல்லையென்றால் அது கென்டே மாதிரி அச்சடித்த துணி.