"ரெண்டு மடங்கு பயிற்சி"ன்னு விக்கிற யூத் கோச்சை வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கிரிக்கெட் மேனேஜர் கேம் (நாமளே ஒரு கிளப்பை நடத்தி, பசங்களுக்குப் பயிற்சி கொடுத்து மேட்ச்ல இறக்குற கேம்) ஆடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேம் பேரை இங்க சொல்லலை, ஆடுறவங்களுக்குப் படிச்சதுமே புரிஞ்சிடும்.

யூத் அகாடமி பக்கத்துல நிஜக் காசுக்கு ஒரு ஸ்பெஷல் கோச் விக்கிறாங்க, 21 வயசுக்குக் கீழ இருக்குற பசங்களுக்கு ரெண்டு மடங்கு பயிற்சின்னு கொட்டை எழுத்துல போட்டு. எங்கிட்ட 17 வயசுல ஒரு லெக் ஸ்பின்னரும் ஒரு ஓப்பனரும் இருந்தாங்க. சின்ன வயசுலதான் ஸ்கில் மளமளன்னு ஏறும், வயசு கூடக் கூட மந்தமாயிடும், அதனால இப்பவே காசு போட்டாத்தான் உண்டுன்னு யாருக்கும் தோணும், அந்த அவசரத்தை வெச்சுத்தான் இவங்க வியாபாரமே.

வாங்குனேன். பயிற்சி பார் நிஜமாவே ரெண்டு மடங்கு வேகத்துல நிறைஞ்சுது, அதுல பொய் இல்ல. ஸ்பின்னருக்கு பவுலிங் கொஞ்சம் ஏறி அப்படியே நின்னுபோச்சு. பார் நிறையுது, மறுபடி காலியாகுது, லெவல் மட்டும் அசைய மாட்டேங்குது. என்னன்னா ஒவ்வொரு பையனுக்கும் உள்ள ஒரு உச்சவரம்பு மறைஞ்சிருக்கு, ஸ்கவுட் (திறமையான பசங்களைத் தேடிச் சொல்றவர்) ரிப்போர்ட்ல "நல்ல எதிர்காலம்"னு மட்டும்தான் வரும், நம்பர் காட்டாது. கோச் அந்த வரம்பை ஒரு புள்ளி கூட தூக்கி விடாது, சீக்கிரமா கூட்டிட்டுப் போய் அதுல முட்ட வைக்கும், அவ்ளோதான் அதோட வேலை.

ஓப்பனர் கதை இன்னும் மோசம். ரெண்டு மடங்கு பயிற்சின்னா சோர்வும் ரெண்டு மடங்காம், இது வாங்குற பக்கத்துல எங்கயுமே இல்ல. சோர்வோட மேட்ச்ல இறக்குனா காயம், உக்கார வெச்சா அந்த வாரப் பயிற்சியே பாதிதான் கணக்கு. ரெண்டால பெருக்கி ரெண்டால வகுத்துட்டு அதுக்குக் காசு வேற. போதாததுக்கு கோச் சம்பளம் வாராவாரம் கிளப் கஜானாவுலேருந்து தனியா போகுது.

சப்போர்ட்ல கேட்டா "பயிற்சி வேகம் சரியாகவே செயல்படுகிறது"ன்னு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டுறாங்க. கடைசியா கொஞ்சம் கேம் காயின் தர்றோம்னாங்க, அதை வெச்சு இன்னொரு கோச் வாங்கலாமாம், என்ன தாராள மனசு பாருங்க.

ரீஃபண்ட் விஷயமும் சொல்லிடுறேன். கூகுள் பிளேல வாங்குன 48 மணி நேரத்துக்குள்ள அங்கேயே கேட்டுப் பார்க்கலாம், தாண்டிட்டா டெவலப்பர் கையிலதான். ஆனா இந்த கேம்ல பயிற்சி ரிசல்ட் வாரத்துக்கு ஒரு தடவைதான் வருது, பையன் வரம்புல முட்டி நிக்கிறது தெரியுறதுக்குள்ள 48 மணி நேரம் எப்பவோ முடிஞ்சிருக்கும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே வாங்குற குலுக்கல் பேக்குகளுக்காவது எது எத்தனை சதவீதம் விழும்னு முன்கூட்டியே காட்டணும்னு ஆப்பிள் 2017லயே விதி போட்டுருக்கு, அது குலுக்கலுக்குத்தான், கோச்சுக்கு இல்ல.

வாங்கியே ஆகணும்னா முதல்ல சாதா கோச்சை வெச்சு சில வாரம் ஓட்டிப் பாருங்க. 17 வயசுலயே லெவல் ஏறுறது தயங்குச்சுன்னா அவன் வரம்புக்குப் பக்கத்துல வந்துட்டான்னு அர்த்தம், அவன் மேல காசு போடாதீங்க, டிரான்ஸ்ஃபர் மார்க்கெட்ல நல்ல விலை இருக்கும்போதே தள்ளி விட்டுடுங்க.