கிழமைக்கு 350 கிராம், நாளுக்கு 1450 கலோரி: ஒரு வருடத்துக்கு மேலான என் அனுபவம்

கலோரிச் செயலி எதைத் திறந்தாலும் வயது, உயரம், நிறை கேட்டு முடித்தவுடன் வரும் கேள்வி ஒன்றுதான்: கிழமைக்கு எவ்வளவு குறைய வேண்டும்? கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று தெரிவுகள் நிற்கும். யாழ்ப்பாணத்தில் என்னோடு வேலை செய்பவர்கள், சொந்தக்காரர், தெரிந்தவர்கள் என்று நான் கதைத்த எல்லோருக்கும் கை நேரே ஒரு கிலோவுக்குத்தான் போகிறது. கலியாண வீட்டுக்கு இன்னும் எத்தனை கிழமை என்று எண்ணி, அதைக் கொண்டு இலக்கைப் பிரித்துப் பார்க்கிறார்கள். நான் மறுபக்கமிருந்து தொடங்கினேன். என் வீட்டுச் சமையலை விடாமல், பசியில் தலை சுற்றாமல், ஒரு நாளைக்கு எவ்வளவோடு என்னால் இருக்க முடியும் என்று முதலில் பார்த்தேன். கிழமை இலக்கு அதிலிருந்து தானாக வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்றைக்கும் அந்த முறையில்தான் நிற்கிறேன்.

முதலில் என் கணக்கு. தொடங்கும்போது வயது 44, உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 74 கிலோ. அம்மாவுக்கு நீரிழிவு. எனக்கும் வெறும் வயிற்றுச் சீனி எல்லையில் நிற்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். உடல் சும்மா இருந்தாலே செலவழிக்கும் சக்தியைக் கணிக்க 1990இல் வந்த மிஃப்லின் சென் ஜியோர் சூத்திரம்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. நிறையை 10ஆலும் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பெண் என்றால் இன்னும் 161ஐக் கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5ஐக் கூட்ட வேண்டும். எனக்கு வந்தது 1346. மேசை வேலை, வீட்டு வேலை, கொஞ்ச நடை என்பதற்கு 1.375ஆல் பெருக்கினால் 1850 கலோரி. இவ்வளவு சாப்பிட்டால் நிறை கூடாது, குறையாது.

உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. கிழமைக்கு ஒரு கிலோ குறைய வேண்டுமென்றால் நாளுக்கு 1100 கலோரி குறைக்க வேண்டும். எனக்கு மிஞ்சுவது 750. அது வளர்ந்த ஒருவரின் சாப்பாடே இல்லை. நான் பாவித்த செயலி பெண்களுக்கு 1200க்குக் கீழே இறக்காது. நல்ல விடயம்தான். ஆனால் ஒரு கிலோவைத் தெரிவு செய்தவருக்கும் அதே 1200ஐக் காட்டிவிட்டு, மேலே ‘கிழமைக்கு 1 கிலோ’ என்பதை அப்படியே விட்டுவைக்கிறது. 1850இல் 1200 போனால் 650. அதற்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலேதான் குறையும். சொன்னதை முழுதாகச் செய்த ஒரு பெண், ‘இலக்கை எட்டவில்லை’ என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்து மனம் நொந்து, பட்டினி கிடக்கத் தொடங்குவார் அல்லது விட்டுவிடுவார். கணக்கில் உள்ள பிழைக்கு மனிதர்கள் தங்களை நொந்துகொள்வது எனக்குத் தாங்க முடியாத கவலை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதும் அதுதான்.

என் கணவருக்குக் கணக்கே வேறு. 48 வயது, 174 சென்ரிமீற்றர், 92 கிலோ. அதே முறையில் போட்டால் 2430 வரும். கிழமைக்கு அரைக் கிலோ என்று 550 குறைத்தாலும் 1880 மிஞ்சும், மூன்று நேரமும் வயிறு நிறையச் சாப்பிடலாம். அதே அரைக் கிலோவை நான் வைத்தால் 1300தான். ஒரே பானைச் சோறு, ஒரே இலக்கு, அவருக்கு இலகு, எனக்குப் பசி. ‘கிழமைக்கு அரையிலிருந்து ஒரு கிலோ’ என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரையை உயரம் குறைந்த பெண்கள் அப்படியே எடுக்கக் கூடாது என்பேன். உடல் நிறையில் நூற்றுக்கு அரை வீதம் என்று பார்த்தால் நியாயமான இடத்தில் வந்து நிற்கும். எனக்கு அது 370 கிராம். நான் 350 என்று வைத்தேன், நாளுக்கு 1450 கலோரி வந்தது.

மொத்தம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதையும் உடம்பின் தேவையைப் பார்த்தே முடிவு செய்தேன். அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2002இல் வெளிவந்தது. நீரிழிவு எல்லையில் நின்றவர்களுக்கு அதில் கொடுத்த இலக்கு, நிறையில் 7 வீதம் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிட நடையும்தான். சராசரியாக மூன்று வருடத்துக்குள் அவர்களில் நீரிழிவு வந்தவர்கள், போலி மாத்திரை மட்டும் எடுத்த மற்றக் குழுவோடு ஒப்பிட்டால், 58 வீதம் குறைவு. எனக்கு 7 வீதம் என்றால் 5 கிலோ சொச்சம். இருபது கிலோ குறைத்து இருபது வயது உடம்புக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணமே தேவையில்லை என்று அப்போதுதான் மனம் ஆறியது.

இனி 1450ஐ யாழ்ப்பாணச் சாப்பாட்டில் எப்படிப் பிடிப்பது என்ற கதை. செயலியில் ‘புட்டு’ என்று தேடினால் பத்து விதமாக வரும், ஒன்று மற்றதின் இரட்டிப்பாக இருக்கும். யார் வீட்டுப் புட்டு, எவ்வளவு தேங்காய்ப்பூ என்று யாருக்குத் தெரியும்? அதனால் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, என் வீட்டுப் புட்டை நானே பதிந்தேன். சிவப்பரிசி மா 250 கிராம், அது 900 கலோரி. தேங்காய்ப்பூ 120 கிராம், அது 425. இரண்டும் 1325. அவிந்து வந்த புட்டை நிறுத்தால் 600 கிராம். ஆக 100 கிராமுக்கு 220. என் பங்கு 150 கிராம், 330 கலோரி. அதோடு சம்பல், சொதி, ஒரு அவித்த முட்டை வைத்தால் 550க்குள் ஒரு நேரச் சாப்பாடு முடிந்தது. ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்தமுறை தட்டை மட்டும் நிறுத்தால் போதும். அரிசி மாவோடு கோதுமை மா கலந்தாலும் கலோரி பெரிதாக மாறாது. கையைக் கவனிக்க வேண்டிய இடம் தேங்காய்தான்.

பாலாக விடும் தேங்காய்க்கு நான் தேங்காய்ப்பூவின் முழுக் கணக்கையும் போட்டுவிடுவேன். சக்கையோடு கொஞ்சம் போய்விடும் என்பதால் பதிவு சற்றுக் கூடத்தான் நிற்கும், அது பாதகமில்லை.

எண்ணெய்தான் என்னை அதிரவைத்தது. கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைப்பது எங்கள் வீட்டில் வழமை. ஒரு நாள் தாச்சியில் ஊற்ற முன் எண்ணெயை நிறுத்தேன், 200 கிராம். பொரித்து வடித்தபின் தாச்சியில் மிஞ்சியது 140. மற்ற 60 கிராமும் கத்தரிக்காய்க்குள். கிராமுக்கு 9 கலோரி வீதம் 540. மரக்கறி என்று நாங்கள் நம்பிச் சாப்பிட்ட கறியில், மா, தேங்காய் எதுவும் சேர முன்னரே அவ்வளவு. இப்போது கத்தரிக்காயை இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கி மூடி அவித்துப் பால்கறியாக வைக்கிறோம். மாமி முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரும் அதைத்தான் கேட்கிறார்.

அடுத்தது தேத்தண்ணி. முழு ஆடைப் பால்மா 10 கிராம், சீனி இரண்டு கரண்டி என்றால் ஒரு கோப்பை 90 கலோரி. காலமை ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, பின்னேரம் ஒன்று, மொத்தம் 270. கிழமைக்குக் கூட்டினால் கிட்டத்தட்ட கால் கிலோ கொழுப்புக்குச் சமன். சோற்றில் ஒரு கவளமும் குறைக்காமல் கால் கிலோ இலக்கை எட்டும் வழி எங்கள் எல்லோர் கையிலும் கோப்பையாக இருக்கிறது. நான் காலமைப் பால் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சீனி இல்லாத பிளேன்ரீ ஆக்கினேன். பனங்கட்டி கடித்துக் குடித்தால் பரவாயில்லை என்று பலர் சொல்வார்கள். சுவையில் சீனிக்கு மேல், கலோரியில் அதுவும் சீனியைப் போலத்தான். ஒரு சின்னத் துண்டு என்றால் அதையும் பதியுங்கள்.

மீன் எங்களுக்குக் கிடைத்த வரம். சூடை, நெத்தலி, பாரை என்று குழம்பாகவோ அவியலாகவோ வைத்தால் புரதம் நிறையக் கிடைக்கும், பசி நெடுநேரம் தாங்கும். பொரித்தால் கணக்கு மாறிவிடும், அவ்வளவுதான்.

தராசில் ஏறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் விட்டுப்போவது இங்கேதான். முதல் கிழமை ஒன்றரைக் கிலோ குறைந்தது. அது கொழுப்பு இல்லை. உடலில் சேர்த்து வைத்த மாச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்தவுடன் அந்தத் தண்ணீர்தான் முதலில் போகும். அதைப் பார்த்து ஒவ்வொரு கிழமையும் ஒன்றரை என்று எதிர்பார்க்கக் கூடாது. அதேபோல, கருவாட்டுக் குழம்போ ஒடியல் கூழோ சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடி நிற்கும், அதுவும் கொழுப்பு இல்லை, உப்பு பிடித்த தண்ணீர். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி இன்னும் ஏறி இறங்கும். நான் காலமை எழுந்து மலசலம் கழித்தபின் நிறுத்துக் குறிப்பேன். அன்றைய எண்ணைப் பார்த்து முடிவெடுக்க மாட்டேன். கிழமைச் சராசரியை எடுத்து, அதை நாலு கிழமைக்கு முந்தைய சராசரியோடு ஒப்பிடுவேன். 350 கிராம் என்பது ஒரு நாள் ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துபோகும் அளவு. நாலு கிழமையில் அது ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட வரும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கிழமை இலக்கு என்று பெயர் இருந்தாலும் மாதத்துக்கு ஒருமுறைதான் அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடையைச் சேர்க்கும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பின்னேர வெயில் தணிந்தபின் பண்ணைக் கடலோரம் போய் நடப்பேன். போனில் உள்ள நடைக்கணக்கைச் செயலியோடு இணைத்தால், நடந்ததற்காக 200, 250 கலோரி கூடச் சாப்பிடலாம் என்று அது காட்டும். 1.375ஆல் பெருக்கும்போதே நடையைச் சேர்த்துவிட்டோம், பிறகு இன்னொரு தடவை சேர்த்தால் இரட்டைக் கணக்கு. அந்த இணைப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். செயலி வைத்திருப்பவர்கள் முதல் நாளே அமைப்புகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் என் இலக்கு வேறு. வீட்டில் மச்சம் இல்லை, வடை, மோதகம், பாயசம், வீதியில் ஐஸ்கிறீம், விரதம் ஒரு நாள், அன்னதானம் ஒரு நாள். அந்த மாதத்துக்கு 1450ஐ எடுத்துவிட்டு 1800 என்று மாற்றினேன், நிறை கூடாமல் நின்றால் போதும் என்று. அப்படியே நின்றது. திருவிழாவையும் அனுபவித்தேன், கொடி இறங்கியபின் மனச்சலிப்பு இல்லாமல் பழைய எண்ணுக்குத் திரும்பவும் முடிந்தது. தைப்பொங்கலுக்கும் சொந்தத்தில் நடந்த கலியாணத்துக்கும் இதே முறைதான். இந்த நிறுத்தங்கள் எல்லாம் சேர்ந்து, முதல் 5 கிலோ குறைய ஏறக்குறைய ஆறு மாதம் பிடித்தது. காகிதக் கணக்கில் நாலு மாதம்கூட ஆகாது. திட்டம் போடும்போதே இந்த இடைவெளியைச் சேர்த்துவிடுங்கள்.

68 கிலோவுக்கு வந்தபோது குறைவது மெதுவாகியது. ‘உடம்பு பழகிவிட்டது, இனிக் குறையாது’ என்று பலரும் சொன்னார்கள். சூத்திரத்தில் புதிய நிறையையும் வயதையும் போட்டால் 1850 இருந்த இடத்தில் 1760 வருகிறது. அதே 1450 சாப்பிட்டால் இடைவெளி 310, கிழமைக்கு 280 கிராம்தான். நிறை குறையும்போது உடல் கணக்கைவிடவும் கொஞ்சம் சிக்கனமாகிவிடும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தைச் சேர்ந்த கெவின் ஹோலும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்ட கணிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாளுக்கு 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும், ஆனால் அதில் பாதிக்கு ஒரு வருடம், கிட்டத்தட்ட முழுவதுக்கும் மூன்று வருடம் பிடிக்கும். எனவே மெதுவானதும் 1200க்கு இறங்கவில்லை. கிழமை இலக்கை 250 கிராமாக மாற்றிவிட்டு, அதே சாப்பாட்டில் இருந்தேன்.

இப்போது 66 கிலோ. உடல் நிறைச் சுட்டி (BMI, கிலோ நிறையை மீற்றர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்) 29.6இலிருந்து 26.4க்கு வந்திருக்கிறது. ஆசிய மக்களுக்கு 23க்கு மேல் போனாலே கவனம் தேவை என்றும், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். மேலே உள்ள கோட்டைத் தாண்டி இறங்கிவிட்டேன். வெறும் வயிற்றுச் சீனியும் எல்லைக்குள் வந்துவிட்டது. தெருவில் கண்டவர்கள் “என்ன பிள்ளை, மெலிஞ்சு போனீங்கள், ஏதும் வருத்தமோ?” என்று கேட்கிறார்கள். ஊரில் மெலிவு என்றால் வருத்தம் என்றுதான் நினைப்பு. “இல்லை அக்கா, சீனிக்காகக் குறைச்சனான்” என்று சொன்னால், அநேகமாக அவர்களும் தங்கள் சீனி எண்ணைச் சொல்லத் தொடங்குவார்கள். அப்படித்தான் எங்கள் ஒழுங்கையில் இரண்டு மூன்று பேர் தராசு வாங்கினார்கள்.

இன்சுலின் போடுபவர்கள், கிளிக்லசைட் போன்ற சீனிக் குளிசை எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்க முன் கட்டாயம் வைத்தியரிடம் கேளுங்கள். மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

என் கணவர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறார், 1900 கலோரி, கிழமைக்கு அரைக் கிலோ. அவர் மத்தியானம் கடையில் சாப்பிடுபவர், அங்கே தராசு கொண்டுபோக முடியாது. அதனால் கடைச் சாப்பாட்டுக்கு ஒரே எண்ணாக 800 போடுகிறோம், கொத்து ரொட்டி என்றால் 1000. நாலு கிழமைச் சராசரி சொன்னபடி இறங்காவிட்டால் அந்த எண்களைக் கூட்டிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.