ஜூம் சோதனைக் கூட்டம்: பேச்சுக்குப் போதும், வீணைக்குப் போதாது

என் அக்கா வீணை கற்பிக்கிறார். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும், வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்டிருந்த மாணவிகள் எல்லாரும் காணொளி வகுப்புக்கு மாறினார்கள். ஊரடங்கு விலகிய பிறகும், வெளிநாடுகளில் குடியேறிவிட்ட சிலருக்காக அந்த வகுப்புகள் தொடர்கின்றன. வகுப்பு தொடங்குவதற்கு முன் படமும் ஒலியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுப்பது அன்றிலிருந்து என் பொறுப்பு. அதற்காக நான் முதலில் திறப்பது ஜூம் நிறுவனம் இலவசமாகத் தரும் சோதனைக் கூட்டத்தைத்தான். அது எதைச் சரியாகச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்பது ஓரளவு பிடிபட்ட பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

உலாவியில் ஜூம் டாட் யூஎஸ் என்ற முகவரியைத் தட்டி, சாய்கோடிட்டு டெஸ்ட் என்று சேர்த்தால், நாம் ஒருவர் மட்டுமே இருக்கும் ஒரு கூட்டம் திறக்கிறது. கட்டணம் கிடையாது, யாரையும் அழைக்க வேண்டியதும் இல்லை. முதலில் நம் முகம் திரையில் தெரிகிறது. ஒலிச் சோதனையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மணியோசையை ஒலிக்கவிட்டு, கேட்கிறதா என்று வினவுகிறது. ஆம் என்றால் அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது, இல்லை என்றால் வேறொரு ஸ்பீக்கர் வழியாக அதே ஓசையை அனுப்பிப் பார்க்கிறது. பின்னர் நம்மைச் சில சொற்கள் பேசி நிறுத்தச் சொல்லி, அந்தப் பேச்சை நமக்கே திரும்பப் போட்டுக் காட்டுகிறது. அதுவும் கேட்கவில்லை என்றால் அடுத்த மைக்குக்குத் தாவுகிறது. மொத்தத்தில் இரண்டு நிமிட வேலை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ‘இல்லை’ என்ற பொத்தான். இன்றைய கணினிக்குக் காதும் பல, வாயும் பல. மடிக்கணினியின் சொந்த மைக், வெப் கேமராவுக்குள் இருக்கும் மைக், ஹெட்போனின் மைக் என்று மூன்று இருக்கும்போது எது இயங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கள் வீட்டில் ஒலி வராமல் போன நாட்களை நினைத்துப் பார்த்தால், பெரும்பாலும் எந்தப் பொருளும் பழுதாகியிருக்கவில்லை. ஒலி போகக்கூடாத இடத்துக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். ஒரு முறை, ஹெச்டிஎம்ஐ கம்பியால் இணைத்திருந்த திரைக்கே மாணவியின் குரல் முழுவதும் போய்க்கொண்டிருந்தது; அந்தத் திரையிலோ ஸ்பீக்கரே இல்லை. அக்கா சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். சோதனைக் கூட்டத்தில் இரண்டு தடவை ‘இல்லை’ என்று சொன்னதும் மணியோசை மடிக்கணினியிலிருந்தே வந்துவிட்டது.

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கைபேசியுடன் வரும் இயர்போனின் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். இரு காதுகளுக்கான ஒலி, மைக், பொது இணைப்பு ஆகிய நான்கும் அந்த ஒரே முனையில் அடங்கியிருக்கின்றன. பல மேசைக் கணினிகளிலோ ஒலி வெளியே வரும் பச்சைத் துளையும் மைக்குக்கான இளஞ்சிவப்புத் துளையும் தனித்தனி. பச்சையில் செருகினால் மணியோசை நன்றாகக் கேட்கும், நாம் பேசியது மட்டும் திரும்பி வராது. சோதனையின் முதல் பாதி தேறி, இரண்டாம் பாதி தோற்றால் இயர்போனைக் குறை சொல்வதற்கு முன் இந்தத் துளைகளைப் பார்க்க வேண்டும். இரண்டாகப் பிரிக்கும் சிறு கம்பி ஒன்றை வாங்கினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

ப்ளூடூத் ஹெட்போன் கதை வேறு. விண்டோஸ் 10 பட்டியலில் ஒரே ஹெட்போன் இரண்டு பெயர்களில் நிற்பதுண்டு. ஒன்று இசை கேட்பதற்கான வழி. ஒலி ஒரே திசையில் வரும், தரமும் நன்றாக இருக்கும். மற்றது தொலைபேசிப் பேச்சுக்காக வகுத்த வழி; அதில் மைக் உண்டு, ஆனால் ஒலி வழக்கமாக நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுக்கும் தடவைகள்) என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். இசைக் குறுந்தகட்டில் அந்த எண்ணிக்கை 44,100. மைக் இயங்கத் தொடங்கியதும் ஹெட்போன் இரண்டாவது வழிக்கு மாறிவிடுவதால், அதுவரை துல்லியமாக இருந்த ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. சோதனைக் கூட்டம் இதைக் கோளாறாகக் கருதுவதில்லை. குரல் கேட்கிறது அல்லவா, ஆகவே தேர்ச்சி. கேட்பதற்கு மட்டும் ஹெட்போனையும் பேசுவதற்கு மடிக்கணினியின் மைக்கையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சரிவைத் தவிர்க்கலாம்.

படத்தைப் பொறுத்தவரை இந்தச் சேவை எனக்கு அரைகுறையாகவே தோன்றுகிறது. முகம் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் ஏன் தெரியவில்லை என்பதை நாமேதான் தேட வேண்டும். மடிக்கணினியின் கேமராவுக்கு மேல் சிறு மூடி இருக்கிறதா, வேறொரு செயலியோ மறந்துபோன உலாவித் தாவலோ கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா, விண்டோஸ் அமைப்புகளில் அனுமதி அடைபட்டிருக்கிறதா என்ற வரிசையில் நான் பார்ப்பது வழக்கம். 2018இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்புக்குப் பிறகு கேமரா அனுமதி ஜூம் போன்ற மேசைச் செயலிகளையும் கட்டுப்படுத்துகிறது. அந்தப் பக்கத்தில் மேலே உள்ள பொத்தான் திறந்திருந்தாலும், கீழே மேசைச் செயலிகளுக்கென்று தனியாக உள்ள பொத்தான் மூடியிருக்கலாம். விண்டோஸுடன் வரும் கேமரா செயலியைத் திறந்து பார்ப்பது நல்ல குறுக்குவழி: அதிலும் படம் வராமல் 0எக்ஸ்ஏ00எஃப்4244 என்ற பிழை எண் வந்தால், கணினி கேமராவையே கண்டுகொள்ளவில்லை என்று பொருள், அப்போது ஜூம் அமைப்புகளை உருட்டிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிய ஒரு வெப் கேமராவும் (நிறுவனப் பெயர் வேண்டாம்) எனக்குப் பாடம் கற்பித்தது. சோதனையில் தெளிவாகத் தெரிந்த படம், வகுப்பு தொடங்கிச் சிறிது நேரத்தில் உறைந்துவிடும். கேமராவும் மைக்கும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டியில்) தொங்கிக்கொண்டு, ஒரே தடத்தைப் பங்கிட்டதுதான் காரணம். 1280க்கு 720 புள்ளிகள் கொண்ட படத்தை நொடிக்கு 30 முறை, ஒரு புள்ளிக்கு 16 பிட் வீதம் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 44 கோடி பிட் ஆகிறது, யூஎஸ்பி 2.0 தடத்தின் மொத்தக் கொள்ளளவே ஏட்டளவில் 48 கோடி. நல்ல கேமராக்கள் படத்தைச் சுருக்கி அனுப்பிவிடும். என்னுடையதை ஹப்பிலிருந்து எடுத்துக் கணினியில் நேரடியாகச் செருகிய பிறகு அது உறையவில்லை. படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஓடியதற்குக் காரணம் வேறு: நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மின்னும், கேமராவோ 60 ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டிருந்தது. அதன் அமைப்பில் 50 என்று மாற்றியதும் பட்டைகள் மறைந்தன.

ஒப்பிட்டுச் சொல்வதானால், இந்த வகைச் சோதனையை நான் முதலில் பழகியது ஸ்கைப்பில். எக்கோ என்ற பெயரில் ஒரு தானியங்கி எண் இருக்கும். அழைத்து, ஓசை வந்ததும் பேசினால், பேசியதைத் திரும்பச் சொல்லும். உண்மையான அழைப்பு போலவே இருந்ததால் அது வயதானவர்களுக்கும் எளிதில் புரிந்தது. 2025 மே 5 அன்று ஸ்கைப்போடு அதுவும் போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் சோதனை அழைப்பு உண்டு. முடிவில் மைக், ஸ்பீக்கர் முதலியவற்றின் நிலையைத் தொகுத்துச் சொல்லிவிடுகிறது. கூகுள் மீட், கூட்டத்துக்குள் நுழையுமுன் நம்மைச் சிறிது பதிவு செய்து, மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்ப்பார்கள், கேட்பார்கள் என்று படத்தோடு காட்டுகிறது. படமும் ஒலியும் சேர்ந்து வருவதால், அந்த ஒரு விஷயத்தில் மீட் ஜூமைவிட மேல் என்பேன். வாட்ஸ்அப்பில் மட்டுமே பேசுபவர்கள், 2022 முதல் உள்ள வசதியின்படி தங்களுக்கே ஒரு குரல்செய்தி அனுப்பிக் கேட்டால் மைக்கின் நிலை தெரிந்துவிடும்.

தனியாக இருந்து செய்யும் எந்தச் சோதனையும் எதிரொலியைக் காட்டாது. என் குரல் எனக்கே இரண்டாவது முறை கேட்டால் தவறு பெரும்பாலும் எதிர்முனையில். அங்கே ஸ்பீக்கரிலிருந்து வரும் என் குரலை அங்குள்ள மைக் மறுபடி பிடித்து அனுப்புகிறது. எதிரொலி கேட்பவர் தன் கணினியைக் குடைந்துகொண்டிருப்பதும், அதை உண்டாக்குபவர் எதுவும் அறியாமல் உட்கார்ந்திருப்பதும் காணொளி அழைப்புகளில் வாடிக்கை. அவரை ஹெட்போன் மாட்டச் சொன்னால் போதும்.

வீணைக்கு வருகிறேன். ஜூம் பேச்சுக்காகச் செய்த செயலி; பின்னணி இரைச்சலை அடக்குவது அதன் இயல்பான அமைப்பு. தொடர்ந்து ஒரே சீராக ஒலிப்பது எதுவோ அது இரைச்சல் என்ற கணிப்பில், மின்விசிறியின் ஓசையும் தம்புராவின் சுருதியும் அதற்கு ஒன்றுதான். மீட்டிய தந்தியின் நாதம் தேய்ந்துகொண்டே போகும் கடைசிப் பகுதியில்தான் கமகத்தின், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதன், நுட்பம் இருக்கிறது. அந்தப் பகுதியைத்தான் இரைச்சலை அடக்கும் அமைப்பு முதலில் விழுங்குகிறது. நாங்கள் சோதனைக் கூட்டத்தில் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று பேசித் தேர்ச்சி பெற்றுவிட்டு வகுப்புக்குப் போவோம். ‘டீச்சர், மீட்டு கேட்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை’ என்று ஒரு மாணவி சொன்ன பிறகே எங்கள் தவறு விளங்கியது. இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி என்ற தேர்வை ஜூம் தனியாக வைத்திருக்கிறது. 2020இல் அதனுடன் உயர்தர இசை முறையும் சேர்ந்தது. அதை இயக்கி, எதிரொலி நீக்கத்தை அணைத்து, அக்காவும் மாணவியும் ஹெட்போன் அணிந்துகொண்டபோது சுருதித் தந்திகள் உட்பட ஏழு தந்திகளும் கேட்டன. சோதனைக் கூட்டத்தில் பேசுங்கள் என்று கேட்பதோடு, வாசிக்கவும் போகிறீர்களா என்று ஒரு கேள்வி சேர்த்திருந்தால் எங்களுக்கு எத்தனையோ வகுப்புகள் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே இப்போது சோதனைக் கூட்டம் முடிந்ததும் இன்னொரு படி வைத்திருக்கிறேன். அக்காவின் இலவசக் கணக்கிலிருந்தே ஒரு கூட்டத்தைத் தொடங்கி, கைபேசியில் நான் சேர்ந்துகொண்டு, ஹெட்போனுடன் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். கீழே அவர் சுருதித் தந்திகள் மூன்றையும் ஒரு முறை தட்டி, மந்தரத்தில் ஒரு நீண்ட ஸ்வரம் பிடிப்பார். அது முழுவதும் தேய்ந்து அடங்கும்வரை எனக்குக் கேட்டால் கீழே வந்து வகுப்புக்கான இணைப்பைத் திறந்து கொடுப்பேன். கேட்காவிட்டால் அசல் ஒலி என்ற பொத்தான்தான் மறுபடி அணைந்திருக்கும்.