பழைய டி7200, 200-500 லென்ஸ்: நெல்லைக் குளங்களில் நீண்டநாள் அனுபவம்

நிக்கான் டி7200 பாடியும் அதே நிறுவனத்தின் 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸும் 2015ல் வெளிவந்தவை. இரண்டையுமே நான் செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்கினேன். வாரம் முழுக்க ஆபீஸ், விடுமுறை என்றால் விடிவதற்கு முன்பே குளத்துக்கரை என்று ஓடும் வாழ்க்கையில் இந்த ஜோடிதான் இத்தனை வருடமாகக் கூட வருகிறது. வாங்கின புதிதில் எழுதுகிற விமர்சனங்கள் நிறையக் கிடைக்கும். பல மழைக்காலமும் பல கோடையும் பார்த்த பிறகு ஒரு கருவி எப்படி இருக்கிறது என்று தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் இது.

நான் கேமராவை எடை போடுவது இரண்டு விஷயங்களை வைத்துத்தான். பறவை செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தாமல் படம் எடுக்க அது விடுகிறதா? எத்தனை காலம் உழைக்கும்? கூர்மை, வேகம் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் தூரம். டி7200ன் சென்சார் ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய அளவு அல்ல, அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி அளவு என்பதால் 500 மி.மீ. முனையில் பார்க்கும் கோணம் ஃபுல் ஃபிரேமில் 750 மி.மீ. லென்ஸுக்குச் சமம். 24 மெகாபிக்சல் இருப்பதால் கொஞ்சம் வெட்டிக்கொள்ளவும் இடமுண்டு. இந்தக் கணக்கின் பலன் என்ன என்பதைக் குளத்தில்தான் பார்க்க வேண்டும். குளத்துக்கரையில் நடந்து போகும்போது முக்குளிப்பானோ தாழைக்கோழியோ இரையெடுப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினால், அதுதான் நாம் நிற்க வேண்டிய இடம். இன்னும் இரண்டடி வைத்தால் அது நீந்தி நகரும், அதற்கு மேல் போனால் பறக்கும். சின்ன லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டடியை வைக்கச் சொல்லிக் கை பரபரக்கும். இந்த லென்ஸோடு எனக்கு அந்தப் பரபரப்பு வருவதில்லை. தலை தூக்குகிற எல்லைக்கு வெளியில் நின்றே, பறவை ஃபிரேமில் போதுமான அளவுக்கு வந்துவிடுகிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்று ஒரு கோடையில் கண்ணாரப் பார்த்தேன். மே மாதம், நாங்குநேரிப் பக்கம் தண்ணீர் வற்றிப்போன ஒரு குளம். வெடித்துக் கிடந்த தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே சிவப்பு மூக்கு ஆள்காட்டி ஒன்று அடை உட்கார்ந்திருந்தது. முட்டை இருப்பதே தெரியாது. கல்லின் நிறம், கல்லின் புள்ளி. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, சீட்டின் மேல் லென்ஸைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறவை எழுந்து, மூலையில் மிச்சமிருந்த கலங்கல் குட்டைக்குப் போய் வயிற்றை நனைத்தது. சும்மா ஒரு முக்கு அல்ல, உட்கார்ந்து, ஆடி ஆடி, வயிற்று இறகுகள் தண்ணீரை நன்றாகக் குடிக்கும்வரை நனைத்தது. நேரே திரும்பி வந்து, ஈர இறகுகளை விரித்து முட்டைகள் மேல் அமர்ந்தது. அந்த வெயிலில் முட்டைகள் வெந்துவிடாமல் காப்பது அந்த ஈரம்தான். பக்கத்தில் ஒரு ஆள் கேமராவோடு நின்றால் பறவை கத்திக்கொண்டு மேலே வட்டமடிக்கும், முட்டை வெயிலில் கிடக்கும். படம் எடுத்தவருக்கு "பறக்கும் ஆள்காட்டி" கிடைக்கும். முட்டைக்கு என்ன ஆகும் என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் சில படங்களோடு கிளம்பிவிட்டேன். ரோட்டைவிட்டு இறங்காமலே அந்தப் படங்கள் கிடைத்தன என்பதுதான் இந்த லென்ஸுக்கு நான் தரும் முதல் மதிப்பெண்.

கூட்டுப் படங்களைப் பொதுவெளியில் போடுவதில்லை. டி7200ல் உள்ளமைந்த ஜிபிஎஸ் கிடையாது. பலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது நிம்மதி. படத்தோடு இடமும் சேர்ந்து யார் கைக்கோ போகாது. இடத்தைச் சொல்ல வேண்டிய வேளையில் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியலோடு நானே பதிவு செய்கிறேன். ஆபத்திலிருக்கும் சில இனங்களின் இடத்தை ஈபேர்டே மறைத்துவிடுகிறது.

அடுத்து எடை. டிரைபாடில் மாட்டும் காலரோடு லென்ஸ் 2.3 கிலோ, பாடி முக்கால் கிலோ. மூன்று கிலோவைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு காலை முழுக்க நிற்க முடியாது. டிரைபாட் குளத்துக்கரைக்குச் சரிப்படவில்லை: கரை சரிவு, காலடியில் முள், அதை விரித்து நிமிர்வதற்குள் கொக்கு கிளம்பிவிடும். எனக்குக் கைகொடுத்தது மூட்டைதான். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, தெருமுனைத் தையல்காரரிடம் இரண்டு பக்கமும் மூட்டித் தரச் சொல்லி, உள்ளே பருத்திக்கொட்டை நிரப்பினேன். மணலைவிட லேசு, அரிசியைப் போல வழுக்காது, லென்ஸ் உட்கார்ந்த பள்ளம் அப்படியே நிற்கும். மழையில் நனைந்தால் மட்டும் கொட்டையைக் கொட்டிவிட்டு வேறு போட வேண்டும். வண்டி சீட், மதகுச் சுவர், பாறை, எதன் மேலும் வைக்கலாம். கரையில் குப்புறப் படுத்து இதன் மேல் லென்ஸை வைத்தால் நாம் பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கிவிடுகிறோம். நிமிர்ந்து நிற்கும் உருவத்துக்குப் பயப்படும் உள்ளான்கள் படுத்திருப்பவரைக் கண்டுகொள்வதே இல்லை. இந்த மொத்தச் செட்டில் செலவே இல்லாதது இதுதான், இதைவிட உபயோகமானது வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

படுத்துக் கிடக்கும்போதுதான் ஊர்க்காரர்களும் பேச்சுக் கொடுப்பார்கள். ஒருநாள் ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எம்புட்டு நேரம் வேணும்னாலும் இங்கனயே கெடங்க. அந்தச் சம்புக்குள்ள மட்டும் எறங்கிராதிய, தண்ணிக்கோழி குஞ்சு பொரிச்சிருக்கு" என்றார். எந்தக் கைடு புத்தகமும் தராத தகவல்.

பறக்கும் பறவைக்கு வருவோம். டி7200 வினாடிக்கு 6 படம் எடுக்கும். ஃபிரேமின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் 1.3 கிராப் வசதியைப் போட்டால் 7 ஆகும், 51 போகஸ் புள்ளிகளும் ஃபிரேமின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறைந்துவிடும். படம் 15 மெகாபிக்சலாகக் குறையும், பரவாயில்லை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் வரித்தலை வாத்துகள் காலையில் கூட்டமாகக் கிளம்பும்போது நான் இதைத்தான் போடுகிறேன். ஷட்டர் வினாடியில் 2000ல் ஒன்று, நடுக்கம் தடுக்கும் வசதி ஸ்போர்ட் நிலையில். ரா (RAW) கோப்பாக எடுத்தால், படங்கள் கார்டுக்குப் போகும் முன் தங்கும் பஃபர் சீக்கிரம் நிறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கட்டுப்பாடு எனக்கு ஒத்துப்போகிறது. பட்டனை அமுக்கிப் பிடிக்காமல், இறகு மேலே போகும் நேரம் பார்த்து இரண்டிரண்டாக எடுக்கிறேன். வீட்டுக்கு வந்தபின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கழிக்கும் நேரம் மிச்சம், ஹார்டு டிஸ்க்கும் மிச்சம்.

வரித்தலை வாத்துகள் மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வருபவை. மங்கோலியாவில் ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட வாத்துகள் தென்னிந்திய நீர்நிலைகளில் தென்பட்டிருக்கின்றன. பட்டையில் உள்ள எழுத்தையும் எண்ணையும் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தால், அந்த ஒரு பறவை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அதனால் வாத்துக் கூட்டத்தைப் பார்த்தால் அழகுக்காக எடுப்பதற்கு முன் கழுத்து கழுத்தாக ஒரு ஓட்டம் பார்த்துவிடுவேன். இதேபோல, 2011லிருந்து வருடந்தோறும் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பிலும் இந்த லென்ஸுக்கு நல்ல வேலை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, நாமக்கோழி எல்லாம் கலந்து ஒரு மந்தை மிதந்தால் கண்ணால் எண்ணித் தீராது. 200 மி.மீ.யில் துண்டு துண்டாக எடுத்து வைத்துக்கொண்டு, மாலையில் பெரிதாக்கி இனம் வாரியாக எண்ணலாம். போட்டிக்கு அனுப்ப ஒன்றுக்கும் உதவாத படங்கள் அவை. ஆனால் என் படங்களில் ஒரு குளத்துக்குப் பயன்பட்டவை எவை என்றால் அவைதான்.

கூந்தன்குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களில்கூடக் கூடு கட்டுகின்றன. தீபாவளிக்குப் பறவைகளுக்காக வெடியைத் தவிர்க்கிற ஊர் அது. எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்கள் வயலுக்கு உரம். அங்கே 500 மி.மீ. தேவையே இல்லை, 200 முனையிலேயே நாரையின் முகம் நிறைந்துவிடும். பறவைகள் பழகியிருக்கின்றன என்று கிளையை ஆட்டிப் பறக்கவைத்துப் படமெடுப்பவர்களை அங்கேதான் பார்த்தேன். ஊர்ப் பெண்கள் சத்தம் போட்டு விரட்டிவிட்டார்கள், நன்றாகவே செய்தார்கள்.

இனி, எங்கே ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஃப் 5.6 என்பது உள்ளே விடும் வெளிச்சம் கொஞ்சம்தான், வெட்டவெளிக்கே ஏற்றது. களக்காடு, மணிமுத்தாறு பக்கம் மலையடிவாரத்தில் மரநிழலுக்குள் போனால் சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200ஐத் தாண்டும், இறகின் நுணுக்கம் குழைய ஆரம்பிக்கும். ஷட்டர் சத்தமும் அங்கே எடுப்பாகக் கேட்கும்; சத்தம் குறைக்கும் நிலை இருக்கிறது, வேகம் விழுந்துவிடும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் சத்தமே இல்லாமல் எடுப்பது பறவைக்கு உண்மையிலேயே நல்லது, அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். 200லிருந்து 500க்குப் போக வளையத்தை நிறையத் திருப்ப வேண்டியிருக்கிறது, ஒரே மூச்சில் முடியாது. அப்புறம் கானல். வெயில் ஏறி, வற்றிய குளத்தின் மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிட்டால் எந்த லென்ஸாலும் தூரத்துப் பறவையைத் தெளிவாக எடுக்க முடியாது. போகஸ் பழுது என்று புது ஆட்கள் நினைப்பது பெரும்பாலும் இதுதான். கோடையில் 9 மணிக்கெல்லாம் மூட்டை கட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவது உத்தமம்.

ஆடிக் காற்று நம் ஊருக்கே உரிய சோதனை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் லென்ஸ் ஹூட் பாய்மரமாகிவிடும், கழற்றிவிடுகிறேன். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிகள் எனும் செம்மணல் மேடுகளுக்குப் போனால் அந்தச் செம்மண் தூள் எதற்குள்ளும் போகும். ஜூம் பண்ணும்போது நீளும் லென்ஸ் என்பதால், நீட்டிய குழாயைத் தூரிகையால் தட்டாமல் திரும்பச் சுருக்கவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சைதான் பயம். டிரை கேபினெட் வாங்கவில்லை. காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரப்பதமானி, ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல். நீல நிறத்தில் கோபால்ட் இருப்பதால் அதைத் தவிர்க்கிறேன். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடலாம். ஈரப்பதம் 40லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். இன்றுவரை கண்ணாடியில் ஒரு நூல் பூஞ்சை இல்லை.

பேட்டரி விஷயத்தில் பாடியோடு வந்த ஒரிஜினல் இன்னமும் ஒரு முழுக் காலைக்குத் தாங்குகிறது. கூடுதலுக்கு வாங்கிய மலிவான ஒன்று உப்பிப்போய், உள்ளே மாட்டிக்கொண்டு படுத்தி எடுத்தது. அதை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் தேடிப்பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மலிவு என்று எடுத்தால் கடைசியில் மண்ணுக்கும் நமக்கும் சேர்த்துத்தான் செலவு.

பெட்ரோலும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு பறவைக்காக நூறு கிலோமீட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். டவுனில் நயினார்குளம், புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேய்ந்தான்குளம், இரண்டும் சைக்கிள் தூரம். நத்தைகுத்தி நாரை நத்தையை உடைக்காமல் அலகை நுழைத்துச் சதையை உருவும் படம், பல வாரம் ஒரே மதகில் உட்கார்ந்ததால் கிடைத்தது. தெரிந்த குளத்தில் வெளிச்சம் எப்போது எங்கே விழும், பாம்புத்தாரா எந்தக் கட்டையில் இறகு காயவைக்கும் என்பதெல்லாம் பழகிவிடும்.

மிரர்லெஸுக்கு மாறலையா என்று கேட்கிறார்கள். இந்த ஷட்டர் ஒன்றரை லட்சம் படங்களுக்குச் சோதிக்கப்பட்டது. அது ஓயும்வரை இன்னொரு கேமரா எனக்காகத் தயாராக வேண்டியதில்லை.

இதே ஜோடியைப் பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கு: லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள், பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். வளையத்தை 200லிருந்து 500 வரை பலமுறை திருப்பி, எங்காவது மண் உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பாடியில் ஒரு ஜேபெக் படம் எடுத்து வாங்கி, கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரத்தில் ஷட்டர் எத்தனை ஓடியிருக்கிறது என்று பாருங்கள். மெனுவில் பேட்டரி விவரத்தில் அதன் வயது 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புது பேட்டரிக்கான காசைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம்.