பைக் இன்சூரன்ஸ் மலிவாகக் கிடைக்கிறதா? எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று பாருங்கள்

ஷோரூம் மூலமாகவோ, ஷோரூமிலிருந்து பேசுவதாகச் சொல்லி வரும் தொலைபேசி அழைப்பு மூலமாகவோ இரு சக்கர வாகன இன்சூரன்ஸைப் புதுப்பிப்பவர்களின் கவனத்துக்கு இதை எழுதுகிறேன். திருச்சியில் நான் பைக் வாங்கிய ஷோரூம், என் பாலிசிக்கான விண்ணப்பத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு பொய்யை எழுதிப் பிரீமியத்தைக் குறைத்துக் கொடுத்தது. விபத்து நடந்த பிறகு அதே பொய்யைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை முழுவதுமாக நிராகரித்தது. இதே வேலை வேறு ஊர்களிலும் வேறு பெயர்களிலும் நடக்கிறது என்பதால், நிறுவனங்களின் பெயரைச் சொல்வதைவிட அது எப்படி நடந்தது என்பதை விரிவாகச் சொல்வதுதான் படிப்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

பிரீமியத்தில் எது குறையும், எது குறையாது என்பது தெரிந்தால் இந்த ஏமாற்று வேலையில் பாதி விளங்கிவிடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு கட்டாயமாக்கியிருப்பது, நம் வண்டியால் மற்றவர்களுக்கு நேரும் பாதிப்பை ஈடுகட்டும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மட்டுமே. அதற்கான கட்டணத்தை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், 150க்கு மேல் 350 சி.சி. வரை 1,366 ரூபாய், அதற்கும் மேற்பட்டவற்றுக்கு 2,804 ரூபாய், இவற்றோடு ஜி.எஸ்.டி. தனி. எந்தக் கம்பெனியாலும் எந்த ஏஜென்டாலும் இதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க முடியாது. ஆகவே ஒருவர் "மத்தவங்களைவிட ஆயிரம் ரூபாய் கம்மி" என்று சொன்னால், அந்த ஆயிரம் நம் வண்டிக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டும் ஓன் டேமேஜ் பகுதியிலிருந்துதான் வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

இந்த ஓன் டேமேஜ் பகுதி தங்களிடம் இருக்கிறதா என்பதே பலருக்குத் தெரிவதில்லை. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டுத் தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயமானது. ஷோரூமில் வண்டி எடுக்கும்போது தருகிற பாலிசியில் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டிக்கு ஐந்து ஆண்டும் ஓன் டேமேஜுக்கு ஓராண்டும் இருக்கும்; ஆனால் ஆன்-ரோடு விலைத் தாளில் "இன்சூரன்ஸ்" என்று ஒரே வரியில் ஒரே தொகை இருப்பதால், ஐந்து ஆண்டுக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டதாகவே வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். வண்டியின் ஆவணங்களைக் காட்டும் அரசின் எம்-பரிவாகன் செயலியிலும் தேர்ட் பார்ட்டி முடியும் தேதி தெரியும்போது அந்த எண்ணம் உறுதிப்பட்டுவிடுகிறது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் புதிய வாகனங்களுக்கு வண்டியின் சேதத்தையும் சேர்த்து ஈடுகட்டும் ஐந்தாண்டு "பம்பர் டு பம்பர்" காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டு, அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தச் செய்தியின் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களை இன்றும் சந்திக்கிறேன்.

என் வண்டி 2022 பிப்ரவரியில் வாங்கியது. ஷோரூம் விலை ஒரு லட்சத்து முப்பதாயிரம். முதல் ஆண்டில் கிளெய்ம் எதுவும் இல்லை. இரண்டாம் ஆண்டில் மழை நேரத்தில் சறுக்கி விழுந்ததில் ஹேண்டில் பாரும் சைலன்சரும் அடிபட, அதே ஷோரூமின் சர்வீஸ் சென்டரில் கேஷ்லெஸ் முறையில் சரிசெய்துகொண்டேன். அந்தக் கிளெய்முக்கான ஜாப் கார்டு, பில், கம்பெனி அனுப்பிய ஒப்புதல் எல்லாம் அவர்களுடைய கம்ப்யூட்டரிலேயே இருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரியில் புதுப்பிப்பதற்காக அவர்களுடைய இன்சூரன்ஸ் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்தார். பழைய கம்பெனி கேட்கும் தொகையைவிட வேறொரு கம்பெனியில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைவாக வாங்கித் தருவதாகவும், "அதே ஃபர்ஸ்ட் பார்ட்டிதான் சார், ஒண்ணும் மாறாது" என்றும் சொன்னார். ஓன் டேமேஜ் உள்ள பாலிசியைத்தான் பேச்சுவழக்கில் ஃபர்ஸ்ட் பார்ட்டி என்பார்கள். போன வருடம் கிளெய்ம் வாங்கியதை நினைவுபடுத்தினேன். "அது நம்ம சிஸ்டத்துலயே இருக்கு சார், நான் பார்த்துக்கறேன்" என்றார். சற்று நேரத்தில் ஓ.டி.பி. வந்தது, அதைக் கேட்டார், பாலிசியும் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. அந்த ஓ.டி.பி. குறுஞ்செய்தியைப் பிற்பாடு தேடி எடுத்துப் படித்தபோது, "விண்ணப்பத்தில் உள்ள விவரங்கள் அனைத்தும் சரியானவை என்று உறுதி அளிக்கிறேன்" என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பியது அவர்; அதன் உண்மைக்குப் பொறுப்பேற்றதாகப் பதிவானது என் எண். விண்ணப்பத்தின் நகலை அன்று எனக்கு அவர்கள் அனுப்பவே இல்லை.

2024 அக்டோபரில் பால்பண்ணை அருகே அணுகுசாலையிலிருந்து திடீரென்று ஏறிய ஒரு சரக்கு வேன் என் பைக்கின் முன்பக்கத்தில் மோதியது. எனக்குச் சிராய்ப்பு மட்டும்தான். வண்டியின் ஃபோர்க் வளைந்து, முன் மட்கார்டு, ஹெட்லைட், மீட்டர் கன்சோல் எல்லாம் நொறுங்கிவிட்டன. வேன் நிற்காமல் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் 34,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து சேசிஸ் நம்பரைத் துணியால் துடைத்துப் படம் பிடித்து, உடைந்த ஒவ்வொரு பாகத்தின்மீதும் வெள்ளை மார்க்கரால் ஒரு குறி இட்டுவிட்டுப் போனார். எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத்தான் இருந்தது.

பிறகு கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. முந்தைய பாலிசிக் காலத்தில் கிளெய்ம் பெற்றிருந்தும் அதை மறைத்து 25 சதவீத நோ கிளெய்ம் போனஸ் பெற்றிருப்பதால் ஓன் டேமேஜ் பலன் எதுவும் தர இயலாது என்று இரண்டே பத்தியில் முடித்திருந்தார்கள். என்.சி.பி. என்று சொல்லப்படும் இந்த போனஸ் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி; கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், அடுத்து 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்தில் நிற்கும்; நடுவில் ஒரு கிளெய்ம் வாங்கினாலும் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகிவிடும். எனக்குப் பூஜ்யம் என்று இருக்க வேண்டிய கட்டத்தில், இரண்டு ஆண்டுகளும் கிளெய்ம் இல்லாதவன் போல 25 என்று ஷோரூம்காரர் போட்டிருந்தார். தங்கள் பட்டறையிலேயே சரிசெய்த வண்டி, தங்கள் கையாலேயே பில் போட்ட கிளெய்ம்! இதைக் கேட்டபோது மேலாளர் சொன்ன பதில், "ஓ.டி.பி. குடுத்தது நீங்கதானே சார்" என்பதுதான்.

அன்றைக்குப் பாலிசித் தாளை வரிவரியாகப் படித்தபோது வெட்டு அந்த ஒரு இடத்தில் மட்டும் விழவில்லை என்பது தெரிந்தது. ஐ.டி.வி., அதாவது வண்டி திருடுபோனாலோ முழுச் சேதமானாலோ கம்பெனி தரக்கூடிய உச்சத் தொகை, 77,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டிருந்தது. வழக்கமான தேய்மானக் கணக்கில் இரண்டிலிருந்து மூன்று வயதுள்ள வண்டிக்கு 30 சதவீதம் கழித்தால்கூட 91,000 வர வேண்டும். முந்தைய பாலிசியில் இருந்த நில் டெப்ரிசியேஷன், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் வசதி, பேச்சுவழக்கில் பம்பர் டு பம்பர், காணாமல் போயிருந்தது. அது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இன்றைய பைக்குகளில் கீழே விழுந்தால் முதலில் உடைவது எல்லாமே பிளாஸ்டிக் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலோகப் பாகங்களிலும் வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு உண்டு. என் வண்டிக்கு 15 சதவீதம். போதாததற்கு, ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் ஆயிரம் ரூபாயை நானே ஏற்றுக்கொள்வதாக ஒரு வாலண்டரி டிடக்டிபிளும் சேர்க்கப்பட்டிருந்தது. பிரீமியம் தொகை பெரிய எழுத்திலும் இவையெல்லாம் இரண்டாம் பக்கத்துப் பொடி எழுத்திலும் இருந்தன. "ஒண்ணும் மாறாது" என்றவர் மாற்றாமல் விட்டது வண்டி எண்ணை மட்டும்தான் போலும்.

நிராகரிப்புக் கடிதத்தோடு அடங்கிப் போகாதீர்கள் என்பதற்காக அடுத்து நடந்ததைச் சொல்கிறேன். வாகன இன்சூரன்ஸுக்கான விதித் தொகுப்பான 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃபின் பொது விதி 27, என்.சி.பி. கொடுக்கும் கம்பெனியின் மீதும் ஒரு கடமையைச் சுமத்துகிறது: வாடிக்கையாளர் எழுதித் தருவதை மட்டும் நம்பாமல், பாலிசி கொடுத்த 21 நாட்களுக்குள் முந்தைய கம்பெனிக்கு எழுதி, அந்த போனஸ் உண்மையிலேயே உரியதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிப்ரவரியில் பிரீமியத்தை வாங்கிய கம்பெனி, அக்டோபரில் கிளெய்ம் வந்த பிறகுதான் முந்தைய கம்பெனிக்கு எழுதியிருந்தது. இந்த வாதத்தை நுகர்வோர் ஆணையங்கள் ஏற்ற வழக்குகளும் உண்டு, ஏற்காத வழக்குகளும் உண்டு. ஆனால் கேட்காமல் விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பினேன். பழைய ஜாப் கார்டின் நகலை இணைத்து, முந்தைய கிளெய்ம் ஷோரூமுக்குத் தெரியும் என்பதையும், ஷோரூம் என்பது அந்தக் கம்பெனியின் பாலிசியை விற்கும் அங்கீகாரம் பெற்ற இடம் என்பதையும் குறிப்பிட்டேன். வழக்கமான மறுப்புதான் வந்தது. இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும் பதிவு செய்தேன். அதன் பிறகு சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, சொல்லப்போனால் வக்கீலுக்கு அங்கே அனுமதியே இல்லை. கம்பெனி மறுத்தாலோ, புகாருக்கு ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ ஓராண்டுக்குள் அங்கே போகலாம். மனு பதிவானதும், அதுவரை அசையாத கம்பெனி சமரசத்துக்கு வந்தது. தேய்மானமும் டிடக்டிபிளும் போக மதிப்பிட்ட 23,800 ரூபாயில் முக்கால் பங்கு, அதாவது 17,850 ரூபாய் கிடைத்தது. 34,000 ரூபாய்ச் செலவில் பாக்கி பதினாறாயிரத்துச் சொச்சமும் என் கைப்பணம். பழைய பாலிசியை அப்படியே, உரிய பிரீமியத்தோடு, புதுப்பித்துக் கொடுத்திருந்தால் ஏறக்குறைய முழுத்தொகையும் வந்திருக்கும். ஷோரூமின்மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாக மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குகளுக்கு அங்கேயும் கட்டணம் இல்லை.

குறைந்த செலவில் பாலிசி வேண்டும் என்று நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. நேர்மையாகக் குறைக்க வழிகள் இருக்கின்றன. வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களுக்கு வேறு பாலிசியில் ஏற்கெனவே இருந்தால், அல்லது உங்களிடம் உள்ள இன்னொரு வண்டியின் பாலிசியில் அதைக் கட்டியிருந்தால், இரண்டாவது முறை கட்ட வேண்டியதில்லை. இரண்டு வண்டி வைத்திருக்கும் பலர் அதை இரண்டு தடவை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதியது வாங்கினால், சேர்த்துவைத்த என்.சி.பி. வண்டியோடு போகாது, உங்களோடு வரும். அதற்கான சான்றைப் பழைய கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். பாலிசி காலாவதியாகி 90 நாள் கடந்தால் அந்த போனஸ் போய்விடும் என்பதால் தேதியைத் தவறவிடக் கூடாது. இண்டிகேட்டர் உடைந்ததற்கெல்லாம் கிளெய்ம் போட்டால் வரும் பணத்தைவிட இழக்கும் போனஸ் கூடுதலாக இருக்கும். பத்து வயதான வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று முடிவெடுப்பதும் நியாயமே, அது நீங்கள் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்வரை. பொதுத்துறைக் கம்பெனிகளின் கிளை பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. நேரில் போய் விண்ணப்பத்தை நம் கையாலேயே நிரப்பித் தரலாம். வண்டி வாங்கிய இடத்தில்தான் இன்சூரன்ஸும் எடுக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது.

தொலைபேசியில்தான் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், ஓ.டி.பி.யைச் சொல்வதற்கு முன் விண்ணப்பத்தின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப முடியாது என்பவரிடம் வாங்க வேண்டாம். பணத்தைத் தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாமல் கம்பெனியின் பெயருக்கே செலுத்துங்கள். பாலிசி கைக்கு வந்ததும் கம்பெனியின் இணையதளத்தில் பாலிசி எண்ணைப் போட்டு, அது உண்மையானதுதானா என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே பாலிசியை எடுத்து என்.சி.பி. கட்டத்தைப் பாருங்கள். போன பாலிசிக் காலத்தில் கிளெய்ம் வாங்கியிருந்தும் அங்கே பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால், ஷோரூமுக்குச் சொல்லாமல் கம்பெனிக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள், சில நூறு ரூபாய்தான் வரும். கட்டிய பிறகு எண்டார்ஸ்மென்ட் என்ற திருத்தத் தாளை எழுத்தில் கேட்டு வாங்கிப் பாலிசியோடு வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு இந்தத் திருத்தத்தைச் செய்ய முடியாது.